சக்கரத்துக்குள் ஒரு நாடா



நம் கரக்பூருக்குப் புதிதாக வந்து சேரும் மாணவன் முதலில் தேடுவது அறை; அடுத்துத் தேடுவது சைக்கிள். விடுதிக்கும் வகுப்புக்கும், வகுப்புக்கும் உணவறைக்கும், உணவறைக்கும் நூலகத்துக்கும் நாள் முழுதும் நம்மைச் சுமந்து திரிவது அதுவே. ஆயினும் அதன் உறுப்புகளுள் ஒன்றைப்பற்றி நம்முள் பெரும்பாலோர்க்கு ஒன்றுமே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது இருப்பதுதான் காரணம். டயரைக் கழற்றி, டியூபை எடுத்தால், வளையத்தின் உட்புறத்தில் வயிற்றுக்கச்சை போல ஒரு நாடா சுற்றிக் கிடக்கும். கடைக்காரர் அதனை ரிம் டேப் என்பார். நான் இக்கட்டுரையில் வளைய நாடா என்றும், சில இடங்களில் வெறுமனே நாடா என்றும் குறிப்பிடுகிறேன்.

கதையும் கவிதையும் நாடிப் பக்கத்தைப் புரட்டியவர்கள், “மலரில் எழுதுவதற்கு வேறு பொருளா கிடைக்கவில்லை?” என்று நகைக்கலாம். நகையுங்கள், தவறில்லை. சென்ற ஆண்டு வரையில் நானும் நகைத்திருப்பேன். நான் ஏன் நகைக்காமற் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது

என் சைக்கிள் புதியது அன்று. படிப்பு முடித்துச் சென்ற ஓர் அண்ணனிடம் வாங்கியது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், பின்னால் உறுதியான கேரியர். சித்திரை வெயில் தொடங்கியதும் அதன் பின்சக்கரம் என்னைச் சோதிக்கத் தொடங்கியது. ஒரு மாதத்தில் நான்கு பஞ்சர். ஒவ்வொரு முறையும் நானே டியூபை வெளியே இழுத்து, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடம் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டேன். நம் கையால் நம் வண்டியைச் செப்பனிடுகிறோம் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. ஒட்டும் நன்றாகவே பிடித்தது. ஆனால் அடுத்த வாரமே வேறோர் இடத்தில் காற்றுப் போகும். “சாலையில் முள் மிகுந்துவிட்டது” என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்நாளில் ஒரு பிற்பகல், முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் என் அறைக்கு வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். தாயை இளமையிலேயே இழந்தவன். அவனை வளர்த்தது ஆச்சி. “அண்ணே, ஆச்சிக்கு ரொம்ப முடியலையாம். சித்தப்பா போன் பண்ணினாக. சாயங்கால வண்டிக்கு டிக்கெட் கிடைச்சிருக்கு. டோட்டோ ஒண்ணு பிடிச்சுப் போயிருதேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டோட்டோவுக்கு ஏன் காசு கொடுக்கிறாய்? ஐந்து கிலோமீட்டர்தானே! கேரியரில் ஏறு, நான் கொண்டுவந்து விடுகிறேன்” என்றேன். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அன்பு மட்டும் போதாது என்பதை அரை மணி நேரத்தில் அறிந்தேன்.

பாதி வழியில், இருவர் பாரமும் தாங்கிய பின்சக்கரம் பட்டென்று ஒலித்தது. அடுத்த நொடியில் வளையம் தரையில் உரசியது. அக்கம்பக்கத்தில் வண்டி ஒன்றும் இல்லை. பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் ஓடினான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும் ஓடினேன். கரக்பூர் நிலையத்தின் நடைமேடை ஒரு காலத்தில் உலகிலேயே மிக நீளமானது என்று பெயர் பெற்றது; ஆயிரம் மீட்டருக்கும் மேல். அதன் ஒரு முனையில் நாங்கள் மூச்சிரைக்க நின்றபோது, மறுமுனையில் கோரமண்டல் விரைவு வண்டியின் கடைசிப் பெட்டி சென்றுகொண்டிருந்தது.

நள்ளிரவுக்குப் பின் வந்த சென்னை மெயிலில், முன்பதிவில்லாத பெட்டியில், நின்றுகொண்டே அவன் போனான். காலையில் ஊர் சேர்ந்திருக்க வேண்டியவன் மாலையில் சேர்ந்தான். அன்று நண்பகலில் ஆச்சி கண்ணை மூடிவிட்டார்கள்.

திரும்பி வந்த தம்பி என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. “நீங்க என்ன அண்ணே பண்ணுவீங்க, முள்ளு குத்தினா?” என்றான். முள் குத்தவில்லை என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவனிடம் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை. சொன்னேன். சொன்னதன் விளைவே இக்கட்டுரை.

காக்கு கேட்ட ஒரு கேள்வி

வண்டி தவறிய மறுநாட் காலையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவில் உள்ள முதிய மிஸ்திரி ஒருவரிடம் போனேன். அவரை நாம் எல்லோரும் காக்கு என்றே அழைப்போம். வங்காளத்தில் அது சிற்றப்பன் முறை. ஐந்தாம் முறை பஞ்சர் என்று நான் புலம்பியதும் அவர் கேட்டார்: “ஓட்டை எந்தப் பக்கம் இருந்தது? சாலைப் பக்கமா, கம்பிப் பக்கமா?”

எனக்கு விழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நான்கு முறை ஒட்டுப் போட்ட நான் ஒரு முறையேனும் அதைப் பார்க்கவில்லை.

அவர் டியூபை வாங்கிச் சிறிது காற்றடித்து, சக்கரத்தின் மேல் முன்பிருந்தபடியே வைத்துக் காட்டினார். வால்வு அதன் ஓட்டைக்கு நேராக இருக்க, என் ஒட்டுகள் நான்கும், புதிய கிழிசலும் உட்புறத்திலேயே, ஆரக்கம்பிகளுக்கு நேராகவே வரிசையாக நின்றன. வளையத்தின் உள்ளே பார்த்தேன். அங்கே கிடந்த பழைய ரப்பர் நாடா காய்ந்து, வெடித்து, ஒரு பக்கமாக நழுவிக் கிடந்தது. சில இடங்களில் அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தது. அதன் பசை வெயிலில் உருகி வழிந்து, டேப்பும் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. இடையில் கம்பி முனைகள் ஊசிகள் போல நின்றன.

நண்பர்களே, பஞ்சர் ஆனதும் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: ஓட்டை எந்தப் பக்கம்? விடை நான்கு வகைப்படும்.

ஓட்டை வெளிப்புறத்தில், சாலையைத் தொடும் பக்கத்தில் இருந்தால் முள், ஆணி, கண்ணாடி என்று கொள்க. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, குத்திய பொருளை எடுக்க வேண்டும்.

பாம்பு தீண்டிய தடம் போல அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால், காற்றுக் குறைவு காரணம். பள்ளத்தில் இறங்கும்போது டயர் நசுங்கி, டியூப் வளையத்தின் இரு விளிம்புகளுக்கிடையே கடிபட்டிருக்கும்.

வால்வின் அடியில் கிழிந்திருந்தால், வால்வு சாய்ந்து இழுபட்டிருக்கும். அல்லது வால்வு ஓட்டையின் விளிம்பு கூராக இருக்கும்.

உட்புறத்தில், கம்பிகளுக்கு நேராக இருந்தால், குற்றவாளி வளைய நாடாவே. இந்நோய்க்கு எத்தனை ஒட்டுப் போட்டாலும் பயனில்லை. காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் நெற்றியில் பற்றுப் போடுவது போன்றதே அது.

நாடாவின் வேலை யாது?

காற்றடைத்த டயரின் வரலாறு சுவையானது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமம் பெற்றார். உலகம் அதை மறந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் உருவாக்கி 1888-இல் உரிமம் பெற்றார். அவருடைய முதல் டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டவை, கழற்றுவது எளிதன்று. 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பார், ஓரத்தில் கம்பி வைத்த டயரையும், நடுவில் பள்ளமுள்ள வளையத்தையும் வகுத்தார். டயரின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கினால், மறுபக்கம் விளிம்பைத் தாண்டி வெளியே வரும். இன்றும் நாம் டயரைக் கழற்றுவது இம்முறையினாலேதான். அந்தப் பள்ளமே நம் நாடா படுத்திருக்கும் படுக்கை.

பள்ளத்தின் தரை வழவழப்பானது அன்று. நம் நாட்டுக் கறுப்புச் சைக்கிள்களில் வழக்கமாக முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. இவற்றைக் கடைக்காரர் போக்ஸ் கம்பி என்பார். ஒவ்வொரு கம்பியின் முனையும் வளையத்தின் ஓட்டை வழியே வந்த நிப்பிள் என்னும் சிறு திருகில் முடிகிறது. ஆக, பின்சக்கரத்தில் மட்டும் 40 நிப்பிள் தலைகள். அவற்றின் நடுவே 40 கம்பி முனைகள். காற்றடைத்த டியூப் எட்டுத் திசையும் விரியப் பார்க்கும். மேலே டயர் தடுக்கும், கீழே வளையம் தடுக்கும். வளையத்தில் எது துருத்திக்கொண்டிருந்தாலும் டியூப் அதன் மேல் அழுந்தும். சக்கரம் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் சிறிது அசையும், சிறிது உரசும். நாளடைவில் ஓட்டை விழும். இடையில் நின்று அந்த உரசலைத் தன் மேல் வாங்கிக்கொள்வதே நாடாவின் தொண்டு.

இது ஒற்றைச் சுவர் வளையத்தின் கதை. கியர் வைத்த புதுவகைச் சைக்கிள்களில் அலுமினிய வளையம், பெட்டி போல இரட்டைச் சுவர் உடையது. அங்கே நிப்பிள் உட்சுவரில் மறைந்துவிடும். கம்பி முனை டியூபைத் தொடாது. ஆனால் நிப்பிளை உள்ளே செலுத்துவதற்காக வெளிச்சுவரில் பெரிய ஓட்டைகள் இட்டிருப்பார்கள். அங்கே பகை துருத்தும் முனையன்று, வெறும் பள்ளம். காற்றழுத்தம் டியூபை அந்த ஓட்டைக்குள் பிதுக்கும். ஓட்டையின் விளிம்பு அதை அறுக்கும்.

எவ்வளவு விசை என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நாம் கணக்குக்கு அஞ்சாதவர்கள் அல்லவா? ஓட்டையின் குறுக்களவு 9 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறத்தாழ 0.64 சதுர சென்டிமீட்டர். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று அடைத்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ ஆகும். இரண்டையும் பெருக்கினால் ஒவ்வோர் ஓட்டையின் மேலும் நான்கரைக் கிலோ பாரம்! இரவும் பகலும், சைக்கிள் நிற்கும்போதும் கூட, அந்தப் பாரம் இறங்குவதில்லை. நம் கறுப்புச் சைக்கிளில் 45 பவுண்டு அழுத்தம் என்றால் அதே அளவு ஓட்டையின் மேல் இரண்டு கிலோ. எனவே ஒரு வண்டிக்குப் போதுமான நாடா மற்றொன்றுக்குப் போதாது என்பது விளங்கும்.

எதை வாங்குவது?

கடையில் நால்வகை நாடாக்கள் கிடைக்கும்.

முதலாவது ரப்பர் நாடா. வட்டமாக, வால்வுக்கு ஓர் ஓட்டையோடு வரும். விலை மலிவு, இரண்டு மூன்று கோப்பைத் தேநீரின் விலைதான். ஒற்றைச் சுவர் இரும்பு வளையத்துக்கும், குறைந்த காற்றழுத்தத்துக்கும் இது தக்கது. இரட்டைச் சுவர் வளையத்தில் உயர்ந்த அழுத்தத்துக்கு இது ஆகாது. இழுபடும் இயல்புடையதாகையால், டியூபோடு சேர்ந்து தானும் ஓட்டைக்குள் பிதுங்கும். வயதானால் காய்ந்து வெடிக்கும்.

இரண்டாவது பிளாஸ்டிக் நாடா. இதுவும் வட்டமாகவே வரும். நைலானால் ஆன உறுதியான நாடா இரட்டைச் சுவர் வளையத்துக்கு நல்லது. ஓட்டையின் மேல் பலகை போல நிற்கும். மென்மையான பிளாஸ்டிக்கில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். வெயிலில் நின்று சுட்ட வளையத்தில் அது மெல்ல மெல்ல இளகிக் குழி விழும். நாளான பிளாஸ்டிக் நாடாவின் ஓரமே கத்தி போலக் கூர்மை அடைந்து டியூபை அறுப்பதும் உண்டு.

மூன்றாவது பசையுள்ள பருத்தித் துணி நாடா. வளையத்தோடு ஒட்டிக்கொள்வதால் நழுவாது, பருத்தி எளிதில் நீளாதாகையால் ஓட்டையில் அமிழாது, வெப்பமும் தாங்கும். இருவகை வளையத்துக்கும் பொருந்தும். குறை என்னவெனில், ஒரு முறை உரித்தால் மறுமுறை ஒட்டாது. நீர் புகுந்தால் மெல்ல நைந்துபோகும்.

நான்காவது டியூப் இல்லாத டயருக்கு உரிய மெல்லிய நாடா. அங்கே காற்றைக் காப்பதே நாடாதான். ஒரு நூலளவு இடைவெளியும் இருக்கலாகாது. அவ்வகை வண்டி உடையோர் அதற்கென்றே உள்ள நாடாவைத்தான் இட வேண்டும். துணி நாடா அங்கே உதவாது.

இன்சுலேஷன் டேப்பைப் பற்றி என் அனுபவத்தை முன்பே சொன்னேன். மின்கம்பியைச் சுற்றுவதற்கு அது சிறந்தது. சக்கரத்துக்குள் அதற்கு வேலை இல்லை. அவசரத்துக்குப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி நாடாவாகப் பயன்படுத்தலாம். கறுப்புச் சைக்கிளுக்கு அது சில மாதம் உழைக்கும்.

அடுத்து அகலம். இதில்தான் பலர் தவறுகிறார்கள். நாடா, பள்ளத்தின் தரை முழுவதையும் மூட வேண்டும். ஓட்டைகளின் இருபுறமும் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது மிகுந்திருக்க வேண்டும். குறுகிய நாடா நழுவி ஓட்டையைக் காட்டிவிடும். அகலம் மிகுந்தாலோ, நாடா பள்ளத்தை விட்டு ஏறி, டயரின் ஓரம் அமர வேண்டிய படியில் உட்கார்ந்துகொள்ளும். டயர் ஒழுங்காக அமராது. சக்கரம் சுழலும்போது டயர் துள்ளும். அழுத்தம் கூடினால் டயர் வளையத்தை விட்டே கழன்று வரலாம். தடிப்பும் அளவோடு இருக்க வேண்டும். நாடா தடித்தால் பள்ளம் ஆழம் குறையும். டயரை மாட்டுவதற்குள் விரல் நோகும்.

விட்டத்தையும் பார்த்து வாங்குங்கள். டயரின் பக்கத்தில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். 40-635 என்றிருந்தால், டயரின் அகலம் 40 மில்லிமீட்டர். அது வளையத்தில் அமரும் இடத்தின் குறுக்களவு 635 மில்லிமீட்டர். நம் 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளுக்கு உரிய எண் இதுவே. கியர் சைக்கிள்களில் 622, 584, 559 என்ற எண்களைக் காணலாம். நாடாவில் 18-622 என்றிருந்தால், 18 மில்லிமீட்டர் அகலம், 622 வளையத்துக்கு உரியது என்று பொருள். “28 அங்குலம்” என்று மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் 622-ஐயும் தரக்கூடும். இரண்டுக்கும் அப்பெயர் வழங்குகிறது. எனவே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பொருத்தும் முறை

வேண்டியவை: ஸ்பேனர், டயர் லீவர் இரண்டு, சிறிய அரம், உப்புத்தாள், பழந்துணி, சிறிது மண்ணெண்ணெய், ஒரு மணி நேரப் பொறுமை.

முதலில் சக்கரத்தைக் கழற்றி, காற்றை முழுதும் விட்டு, டயரையும் டியூபையும் எடுங்கள். பழைய நாடாவை இரக்கமின்றி எறியுங்கள். ஒட்டியிருக்கும் பசையை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடையுங்கள். பின்னர் சோப்பு நீரால் மண்ணெண்ணெயையும் போக்கி, நன்றாக உலர விடுங்கள். எண்ணெய் ரப்பருக்குப் பகை. புதுப் பசைக்கும் பகை. துரு இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள்.

அடுத்து விரலால் வளையம் முழுதும் தடவிப் பாருங்கள். துணியை விரலில் சுற்றிக்கொண்டு தடவுவது நலம். நிப்பிளை மீறி நிற்கும் கம்பி முனைகளை அரத்தால் அதன் மட்டத்துக்கு அராவுங்கள். ஒரு கம்பி மிகவும் நீண்டு நின்றால் அதன் அளவே தவறு. அதனை மிஸ்திரியிடம் காட்டி மாற்றுங்கள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து வந்த பிறகும் இச்சோதனை வேண்டும். நிப்பிளைத் திருகித் திருகி இறுக்கும்போது கம்பி மேலே ஏறிவிடும். வால்வு ஓட்டையின் விளிம்பையும் அரத்தால் மழுக்குங்கள். அராவிய தூளைத் துடைத்துவிட மறக்கலாகாது.

வட்டமான நாடாவாயின், அதன் ஓட்டையை வால்வு ஓட்டையோடு பொருத்தி, ஒரு பென்சிலைச் செருகி நிறுத்துங்கள். இல்லையேல் இழுக்கும்போது அது நகர்ந்துவிடும். பிறகு இருபுறமும் ஒரே அளவாக இழுத்துக்கொண்டே வந்து, எதிர்ப்புறத்தில் கட்டைவிரல்களால் தள்ளி ஏற்றுங்கள். முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள். நாடா இறுகப் பற்ற வேண்டும். தொளதொளப்பாக இருந்தால் அது உங்கள் வளையத்துக்கு உரியது அன்று.

பசை நாடாவாயின், ஓட்டையுள்ள முனையை வால்வு ஓட்டையின் மேல் வைத்துத் தொடங்குங்கள். ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கைக் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். சுருக்கமும் குமிழியும் விழாதிருக்கட்டும். முடியும் முனை தொடங்கிய முனையின் மேல் சிறிதளவு ஏறட்டும். ஆனால் வால்வு ஓட்டையை மூடிவிடக் கூடாது. நாடாவில் ஓட்டையே இல்லையெனில், வால்வுக்கு நான்கு விரற்கடை தள்ளித் தொடங்கி, முழுதும் ஒட்டிய பின், காய்ச்சிய ஊசியால் சிறு துளையிடுங்கள். துளை வால்வைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பதே நல்லது. வால்வு நுழையும்போது அது இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இனி டியூப். உருவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். சிறிது பவுடர் தூவினால் டயரோடு ஒட்டாது. வால்வு நேராக நிற்க வேண்டும். டயரின் இரண்டாம் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, வால்வின் அருகில் முடியுங்கள். முடிந்தவரை கையாலேயே ஏற்றுங்கள். லீவரால் ஏற்றும்போதுதான் புது டியூப் கடிபடுகிறது. முடிந்ததும் வால்வைச் சற்று உள்ளே தள்ளி விடுங்கள். அடியில் சிக்கிய டியூப் விடுபடும். பாதிக் காற்றடித்து, இருபுறமும் டயர் சமமாக அமர்ந்திருக்கிறதா, டியூப் எங்கேனும் எட்டிப் பார்க்கிறதா என்று நோக்குங்கள். பிறகே முழுக் காற்று.

இத்தனையும் முதல் முறை எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. காக்கு அருகிலிருந்து பார்த்தாரேயன்றிக் கை வைக்கவில்லை. “நான் செய்தால் உன் சக்கரம் ஓடும், நீ செய்தால் உன் நண்பர்கள் சக்கரமும் ஓடும்” என்றார். கூலி வாங்கவில்லை, நாடாவின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முடிவாக ஒன்று

அந்த நாடாவைப் பொருத்தியபின் ஓராண்டாகிறது. இடையில் ஒரே ஒரு பஞ்சர். அது உண்மையிலேயே முள். டயர் மாற்றும்போதெல்லாம் நாடாவையும் பார்ப்பேன். குழியோ வெடிப்போ கண்டால் மாற்றிவிடுவேன்.

முள்ளன்று, என் கவனக்குறைவே காரணம் என்று தம்பியிடம் நான் சொன்ன நாளில், அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு எழுந்து போய்த் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். “அண்ணே, இதுலயும் பாருங்க” என்றான். பார்த்தோம். அதிலும் நாடா நழுவித்தான் இருந்தது. இருவரும் சேர்ந்து மாற்றினோம். அடுத்த சனிக்கிழமை அவன் அறைத்தோழனுடையது. அதற்கடுத்த வாரம் பக்கத்து அறை. இப்படியாக இதுவரை முப்பத்தொரு சக்கரங்களைத் திறந்து பார்த்திருக்கிறோம். பத்தொன்பதில் நாடா பழுது. இரண்டில் நாடாவே இல்லை!

உங்கள் சைக்கிளும் பழைய மாணவர் ஒருவரிடம் வாங்கியதாகவே இருக்கும். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்த்ததில்லை. உங்களுக்கு விற்றவரும் பார்த்திருக்க மாட்டார். நாளைக்கே ஒருவர் அவசரம் என்று வந்து உங்கள் கேரியரில் ஏறலாம். மருத்துவமனைக்கோ, தேர்வுக்கோ, நிலையத்துக்கோ அவரை நீங்கள் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம் என்றால், அன்றைக்கு நேரம் இராது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் எங்கள் விடுதி முகப்பில் நானும் தம்பியும் இருப்போம். அரமும் உப்புத்தாளும் எங்களிடம் உண்டு. நாடாவை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள். டயரில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கி வாருங்கள்.